ஐந்தரை மீட்டர்

முப்பத்தெட்டாயிரம் என்றார் இம்தியாஸ் பாய்.
லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்,
பெட்ரோல் வேண்டாம் என்று
வேண்டாதவற்றையெல்லாம் விரல் மடக்கி எண்ணினார்.
வேண்டியது என்னவென்று கேட்டேன்.
சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான் மேடம்."

சிவாஜிநகர்ச் சந்தில்
பிரித்துப்போட்ட பழைய இன்ஜின்களுக்கு நடுவே
அது மட்டும் பாலிதீன் உறை கழற்றாமல் நின்றது,
பள்ளியில் முதல் நாள் நிற்கும் பிள்ளை மாதிரி.
மாம்பழ மஞ்சள்.
கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து
அதற்குள் உரிந்திருந்தது.

மெழுகு காய்ச்சும் பாத்திரம், நூல்கண்டு, துண்டுகள்,
யாரோ ஒருத்தி வீட்டுக் கண்ணாடி முன்
விரிக்கிற பாய்.
ஒன்பது கிலோ.
என் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம்
இறங்கிவிட்டது.
ஊரார் புருவங்களை மயிரிழை பிசகாமல்
சமன் செய்கிறவள் நான்.

ஆட்டோவுக்கு மாதம் நாலாயிரத்து இருநூறு.
ஒன்பது மாதத்தில் வண்டிக் காசு திரும்பிவிடும்,
பத்தாம் மாதம் பேட்டரி போகாதிருந்தால்.

"ஓட்டிப் பாருங்க."
சத்தமே இல்லை.
கிளம்பிவிட்டதென்று எனக்கே தெரியவில்லை.
பத்தொன்பது வருடமாய் இந்த ஊரில்
ஹாரன்களுக்கு அடியில் கிடந்தவை
ஒவ்வொன்றாய்க் காதில் விழுந்தன:
பூக்காரி ஈரத்துணியை உதறுவது,
டீக்கடை பாய்லரின் முனகல்,
யாரோ தமிழில் சண்டை போட்டுக்
கன்னடத்தில் சமாதானம் ஆவது.

பையையும் ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன்.
சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்
பாதி ஏறியதும் அதற்கு மூச்சு வாங்கியது.
கீரைக்கட்டோடு நடந்துபோன ஒருவர்
என்னைத் தாண்டிப் போனார்.
போனவர் திரும்பி,
"எறங்கித் தள்ளும்மா, பாவம்" என்றார்.
பாவம் நானா, அதுவா,
கேட்பதற்குள் மேடு ஏறிவிட்டார்.

பேட்டரிக்கு எத்தனை வருஷம் கேரண்டி?
"மோட்டாருக்கு மூணு வருஷம்."
பேட்டரியைக் கேட்டேன் பாய்.
"சீட் கவர் ஃப்ரீ."

ஃபிலோமினா அக்காள் வீட்டிலும் ஒன்று வாங்கினார்களாம்.
எட்டே மாதம்.
இப்போது அதன் மேல் ஜமக்காளம் காய்கிறது.
சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் கழித்து,
"நேத்து ராத்திரி எத்தனை ஆட்டோ வராம போச்சு?" என்றாள்.
நான்கு.
இந்திராநகரில், ஒன்பதரை மணிக்கு,
அணைந்த விளக்குக் கம்பத்தின் கீழே
ஐந்தாவது ஆட்டோவின் புள்ளி
போன் திரையில் வேறு பக்கமாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் நஞ்சுண்டப்பா கீழே பிளக் தரமாட்டார்.
பேட்டரி வெடிக்குமாம், பேப்பரில் போட்டிருக்கிறதாம்.
வேண்டுமானால் உன் மீட்டரிலிருந்து
வயர் இறக்கிக்கொள் என்றார்.
என் மீட்டர் மூன்றாம் மாடியில்.
பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிவரலாம்,
இருபத்தெட்டு கிலோ.
தோளிடம் இதைப் பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை.

இரவு தெரு அடங்கியபின்
ஜன்னல் கம்பி வழியே
பழைய பாலியஸ்டர் புடவையை இறக்கினேன்.
டேப் கிடையாது.
எனக்குத் தெரிந்த நீளம் ஐந்தரை மீட்டர் ஒன்றுதான்.
முதல் மாடி ஜன்னலருகே
முந்தானை நின்றுவிட்டது.
தெருநாய் ஒன்று அண்ணாந்து பார்த்தது,
குரைப்பதா வேண்டாமா என்று அதுவும் யோசித்தது.

கீழே
தண்ணீர் டிரம்முக்கும் நஞ்சுண்டப்பாவின் துளசிக்கும் இடையில்
ஒரு வண்டி அகலத்துக்கு
இருட்டு காலியாக இருந்தது.

அலமாரியைத் திறந்தேன்.
நல்ல புடவையைத் தொட்டேன், விட்டேன்.
ஓரம் கிழிந்ததை எடுத்தேன்.
முடிச்சுக்கு ஒரு முழம் போகும்,
அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.